வீரருக்கு அடிபட்டுவிட்டது

எங்கள் ஊர் மைதானத்தில் வடக்குக் கோல் கம்பத்துக்கு முன்னால் ஒரு குழி இருந்தது. செயற்கைப் புல் விரிப்பின் இரண்டு துண்டுகளை ஒட்டிய இடம் அங்கேதான் வருகிறது. ஒட்டு விட்டுப்போய், விளிம்பு சுருண்டு, உள்ளே இருக்க வேண்டிய ரப்பர் பொடி எல்லாம் எங்கள் காலணிகளுக்குள் புகுந்து வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. என் அம்மா வாஷிங் மெஷினிலிருந்து வழித்தெடுத்த பொடியை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் அந்தக் குழியை இரண்டு தடவை நிரப்பியிருக்கலாம்.

அந்தக் குழியில்தான் சோல்ரூன் நிற்க வேண்டும். எங்கள் பெண்கள் அணியின் கோல்கீப்பர். மற்ற நேரமெல்லாம் சால்மன் ஆலையில் நின்றுகொண்டே மீன் வயிறு கிழிக்கிறவள். முந்தின வருஷம் இலையுதிர் காலத்தில் ஒரு கார்னர் பந்துக்கு எம்பினாள். இறங்கும்போது சுருண்ட விளிம்பில் கால் மாட்டி, முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை செய்த மருத்துவர் கடைசியாகச் சொன்னது இது: "இன்னொரு தடவ இதே மாதிரி ஆச்சுன்னா பந்தும் கிடையாது, ஆலையும் கிடையாது. உக்காந்து செய்யற வேலையா ஒண்ணு தேடிக்கோ."

வட நார்வேயில் இருக்கிற எங்கள் ஊர் ஸ்கார்வோக்கில் உட்கார்ந்து செய்கிற வேலை நகராட்சியில் மட்டும்தான் உண்டு.

மே மாதக் கடைசி ஞாயிறு, சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். அதற்குள் குழி போக வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நகராட்சிக்குள் நுழைந்த பிறகு இது யாருக்கும் நினைவிருக்கப் போவதில்லை.

பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அணியிலும் நான் ஒருத்திதான். "நாலு வருஷம் பெர்கன்ல என்னத்தடி படிச்ச? அவங்க பாஷை உனக்குத்தான் புரியும், போய்ப் பேசு" என்று தள்ளிவிட்டார்கள். நான் படித்தது கடல் பாசி. யாருக்குக் கவலை?

நகராட்சியில் விளையாட்டுத் தளங்களைப் புதுப்பிக்க இரண்டு குழுக்கள் இருந்தன. எப்போது புதுப்பிப்பது என்பதற்கு ஒரு குழு, தலைவர் ஹால்வோர். எப்படிப் புதுப்பிப்பது என்பதற்கு இன்னொரு குழு, தலைவி போர்ஹில்ட். எதிரெதிர் அறைகள், நடுவில் காபி மெஷின். எங்கள் நாட்டில் மேயரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அதை வைத்து எல்லோரும் சமம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

சோல்ரூனையும் கூட்டிக்கொண்டு முதலில் ஹால்வோரிடம் போனேன். "புல்லுக்கு இப்ப என்ன வயசு?" என்று கேட்டார் ஹால்வோர்.

"ஒம்பது."

"ஆயுசு பன்னெண்டு. அது இன்னும் சர்வீஸ்ல இருக்கும்மா."

"குழி விழுந்திருக்கு ஹால்வோர்."

"ஒம்பது வயசுல குழி விழாது. பத்துக்கு மேலதான் விழ ஆரம்பிக்கும். அதுக்கு அட்டவணையே இருக்கு."

"இது கொஞ்சம் சீக்கிரமா விழுந்துடுச்சு" என்றாள் சோல்ரூன், ஏதோ தன் தப்பு மாதிரி.

"அது குழியோட அவசரம். நாம அவசரப்படக் கூடாது."

சோல்ரூன் கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினாள். தழும்பு நீளமாக, இன்னும் சிவப்பாக இருந்தது. ஹால்வோர் மரியாதையாகக் குனிந்து பார்த்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்கு. ஆனா முழங்கால் எங்க துறை இல்ல."

எதிர் அறைக்குப் போனோம். போர்ஹில்ட் எங்களுக்கு நாற்காலி போட்டாள், காபி கொடுத்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஊரிலேயே அவளைப் போல அன்பாக ஒன்றும் செய்யாமல் இருக்க யாராலும் முடியாது.

"எப்படின்னு நான் சொல்லணும்னா, எப்போன்னு எனக்குத் தெரியணும். இப்பவேன்னா ஒட்டு போட்டா போதும். மூணு வருஷம் கழிச்சுன்னா விரிப்பையே மாத்தணும். அதுக்கும் மேலன்னா அடியில இருக்கற மெத்தையும் சேத்து. எப்போன்னு ஹால்வோர் சொல்லட்டும், நான் ரெடி."

திரும்ப ஹால்வோரிடம்.

"எப்போன்னு சொல்லணும்னா எப்படின்னு தெரியணுமே! ஒட்டு போடறதுக்கு ஒரு வெயில் நாள் போதும். விரிப்பு மாத்தறதுன்னா பட்ஜெட் வேணும். முதல்ல போர்ஹில்ட் சொல்லட்டும்."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

"அதெப்படி? தினமும் பேசறோம். காபி நேரத்துல. ஆனா அப்ப வேலையப் பத்திப் பேசறதில்ல, அது இடைவேளை."

சோல்ரூன் வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "உனக்கு ஏதாவது புரிஞ்சுதாடி?"

"புரிஞ்சுது."

"என்ன?"

"நமக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு."

ஆனால் கிடைத்தது. நாங்கள் விடாமல் போய் நின்றதால், எங்கள் மைதானத்தை ஆய்வு செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். மார்ச்சில் பட்ஜெட், ஆகவே பிப்ரவரியில் ஆய்வு. வட நார்வேயில் பிப்ரவரி எப்படி இருக்கும் என்று நகராட்சியில் யாருக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர்களும் அங்கேதான் வாழ்கிறார்கள். காலையில் காரைத் தோண்டி எடுத்துத்தான் அலுவலகம் வருகிறார்கள்.

ஆஸ்லோவிலிருந்து எஸ்கில் என்றொரு ஆலோசகர் வந்தார். அவருடன் ஒரு இயந்திரமும் வந்தது. சக்கரம் வைத்த இரும்புச் சட்டம், அதற்குள் ஒரு எடை, ஸ்பிரிங், கீழே தட்டையான இரும்புப் பாதம். எடையைத் தூக்கி விட்டால் பாதம் தரையில் 'டொம்' என்று இறங்கும். தரை எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்குகிறது என்று திரையில் எண் வரும். ஓடுகிறவளின் கால் தரையில் இறங்குவதற்குப் பதிலாக இது இறங்குகிறது. அதற்குப் பெயர் செயற்கை வீரர். கிண்டலுக்காக நான் வைத்த பெயர் இல்லை. அந்தத் தொழிலில் அதை அப்படித்தான் அழைக்கிறார்கள். எஸ்கிலோ இன்னும் சுருக்கமாக "வீரர்" என்றார். "வீரருக்குக் குளிர் ஒத்துக்காது, கொஞ்ச நேரம் கார்லயே இருக்கட்டும்" என்றார்.

எங்களை யாரும் காரில் உட்காரச் சொல்லவில்லை.

மைதானத்தில் முழங்கால் அளவுக்குப் பனி. சோல்ரூன் வீட்டிலிருந்து மண்வாரி கொண்டுவந்திருந்தாள். குழி இருக்கும் இடத்தை வழிக்க ஆரம்பித்ததும் எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து ஹால்வோர் அலறினார்.

"தொடாதீங்க! தளம் எந்த நிலையில இருக்கோ அந்த நிலையிலதான் ஆய்வு பண்ணணும்!"

"தளம் இதுக்குக் கீழ இருக்கு ஹால்வோர்" என்றேன்.

"அது உங்க அபிப்பிராயம்."

வீரரை ஸ்லெட்ஜ் வண்டியில் ஏற்றி இழுத்துப்போனோம். இழுத்தது நாங்கள்தான். வரைபடத்தில் குறித்த ஆறு புள்ளிகளிலும் எடையை விட்டார் எஸ்கில். ஆறு இடத்திலும் பாதம் சத்தமே இல்லாமல் பனிக்குள் போய் மறைந்தது. எண்களைப் பார்த்த எஸ்கிலின் கண் கலங்கியது. குளிராகவும் இருக்கலாம்.

மார்ச்சில் முடிவைப் படித்துக் காட்டினார்கள். அதிர்ச்சி தாங்கும் திறனில் எங்கள் மைதானம் மாவட்டத்திலேயே முதலிடம். மேற்பரப்பின் நிறம்: சீரான வெண்மை. கிழிசல், குழி: காணப்படவில்லை. வீரருக்கு எந்தச் சிரமமும் இல்லை. இவ்வளவு நன்றாக இருக்கிற தளத்துக்குப் பன்னிரண்டு வருஷ ஆயுள் போதாது என்பதால் அது பதினைந்தாக நீட்டிக்கப்படுகிறது.

அன்றைக்கு ஊர்க் கூட்டம். வாஃபிளும் பழுப்புச் சீஸும் இருந்ததால் நல்ல கூட்டம் வந்தது. நான் எழுந்து, நீங்கள் அளந்தது பனியை, சோல்ரூன் விழுந்தது புல்லில், என்று கத்தினேன். எங்கள் ஊரில் கூட்டத்தில் கத்துவது கொலைக்கு அடுத்த குற்றம். எல்லோரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஹால்வோர் மட்டும் கோபப்படவில்லை. எழுந்து நின்று, நிதானமாகப் பேசினார்.

"உணர்ச்சிவசப்படறது புரியுது. ஆனா மனுஷங்கள வச்சு அளந்தா என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி விழுவாங்க. ஒருத்தி அழுவா, ஒருத்தி அழமாட்டா. வீரர் அப்படி இல்ல. எப்பவும் ஒரே மாதிரி விழுவார். இன்னைக்கு வரைக்கும் ஒரு புகார் கொடுத்ததில்ல. நான் இருபது வருஷமா இந்தப் பொறுப்புல இருக்கேன். பெருமையா சொல்றேன், ஒரு தடவகூட மைதானத்துக்குள்ள கால் வச்சதில்ல. ஏன்னா கால் வச்சா புல் தேயும்! தேய்மானத்துக்கு மூல காரணம் என்னன்னு நாங்க ஆராய்ச்சி பண்ணிட்டோம். ஆடறதுதான். ஆடாம மட்டும் இருந்தா இந்தத் தளம் நம்ம பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் வரும்."

கை தட்டினார்கள். பேரப்பிள்ளைகள் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் கை தட்டிவிடுவார்கள்.

சோல்ரூன் வாஃபிளைக் கடிக்காமலே கேட்டாள்: "அப்ப நான் அழுததுதான் தப்பா?"

கூட்டத்தில் கத்தியதற்கு ஒரு பலன் இருந்தது. என் வாயை அடைக்க, மே முதல் வாரத்தில் இன்னொரு ஆய்வு தருவதாகச் சொன்னார்கள்.

ஏப்ரலில் பனி உருகியது. பனிக்கு அடியில் குழி சும்மா இருக்கவில்லை. தண்ணீர் புகுந்து, உறைந்து, உருகி, இன்னும் ஒரு சாண் வளர்ந்திருந்தது. கோல் கம்பத்துக்கு முன்னால் சோல்ரூன் நின்று பார்த்தாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள், உடனே வெளியே எடுத்தாள்.

"ஆய்வு கிடக்கட்டும். நம்மளே ஒட்டிடலாம்டி" என்றாள் ஓஸே. எங்கள் அணியில் இடப்பக்கம் ஆடுகிறவள், தொழில் வீடுகளில் தரை விரிப்பு ஒட்டுவது.

துக்னாட் அறிவித்தோம். துக்னாட் என்றால் ஒரு சனிக்கிழமை எல்லோரும் கூடி, கூலி இல்லாமல் பொது வேலை ஒன்றை முடிப்பது. வராதவர்களின் பெயரை யாரும் குறித்து வைப்பதில்லை, யாரும் மறப்பதும் இல்லை. பசை வந்தது, ஒரு பழைய துண்டு விரிப்பு வந்தது, சாசேஜும் காபியும் வந்தன. மதியத்துக்குள் குழி போய்விட்டது. சோல்ரூன் அதன் மேல் ஏறிக் குதித்தாள். முதலில் பயந்து பயந்து, பிறகு சின்னப் பிள்ளை மாதிரி. "மாட்டல! ஏய், மாட்டலடி!" என்று கத்தினாள்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"யாரக் கேட்டு ஒட்டினீங்க?" என்றார் ஹால்வோர்.

"துக்னாட் ஹால்வோர். நீங்கதானே எல்லாக் கூட்டத்துலயும் துக்னாட் பத்திப் பேசுவீங்க."

"துக்னாட் நம்ம நாட்டோட உயிர்மூச்சு. அதுக்காக அனுமதி இல்லாம மூச்சு விடறதா? ஆய்வு எதுக்கு வருது? குழிக்கு. இப்ப குழி எங்க?"

"ஒட்டிட்டோம்."

"அப்ப நாங்க வந்து எதப் பாக்கறது?"

போர்ஹில்ட் இன்னும் அன்பாக விளக்கினாள். "ஒட்டு போடறதுங்கறது 'எப்படி'. அத நீங்களே முடிவு பண்ணிட்டீங்க, பரவால்ல. ஆனா 'எப்போ'ன்னு இன்னும் யாரும் முடிவு பண்ணலயே! எப்போன்னே இல்லாத ஒண்ணு எப்படி நடக்கும்? அதனால அது நடக்கலன்னுதான் நாங்க எடுத்துக்கணும். நீங்களும் ஒத்துழைக்கணும்."

ஒத்துழைப்பு என்றால், தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது. இல்லாவிட்டால் இந்தப் பருவம் முழுக்க மைதானத்துக்குப் பூட்டு.

ஆக, அடுத்த சனிக்கிழமை இரண்டாவது துக்னாட். குழி தோண்டுவதற்கு. அதே பசையைச் சுரண்டி, அதே விரிப்பைக் கிழித்தோம். ஹால்வோர் எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று, பழைய போட்டோவை வைத்து ஒப்பிட்டார். இல்லாத குழிக்கு அவர்களிடம் போட்டோ இருந்தது.

"ஆழம் பத்தல. வலது விளிம்பு இன்னும் சுருளணும்."

"இது சுருள ஒம்பது வருஷம் ஆச்சு" என்றாள் ஓஸே. "ஒரே நாள்ல எப்படிச் சுருட்டறது?"

"முயற்சி பண்ணுங்க. உங்களால முடியும்."

விளிம்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது சோல்ரூன்தான். "ஆபரேஷன் பண்ணின டாக்டர் இதப் பாத்தா என்னைத்தான் திட்டுவார்" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. கடைசியில் ஹால்வோர் திருப்தியாகத் தலையாட்டி, "அருமையான துக்னாட். மக்கள் பங்களிப்புன்னா இதுதான்" என்று சொல்லி எங்கள் சாசேஜில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.

மே முதல் வாரம் எஸ்கிலும் வீரரும் மறுபடி வந்தார்கள். பனி இல்லை, மழை வரும்போல இருந்தது. ஹால்வோரும் போர்ஹில்டும் கோட்டுக்கு வெளியே குடையுடன்.

"எஸ்கில், குழியில ஒரே ஒரு தடவ வச்சுப் பாருங்களேன்" என்று கெஞ்சினாள் சோல்ரூன்.

எஸ்கில் வரைபடத்தைப் பார்த்தார். "அது புள்ளி இல்லையே."

"அஞ்சாவது புள்ளி பக்கத்துலதான இருக்கு. நாலு எட்டு தள்ளி."

"நாலு எட்டு தள்ளி இருந்தா அது வேற இடம்."

"நான் நிக்கிற இடம் அது!"

"புள்ளி இல்லாத இடத்துல அளந்து, அத எங்க போய்ச் சேக்கறது?" என்று வெளியிலிருந்து ஹால்வோர் குரல் கொடுத்தார். "ஆறு புள்ளிதான் மைதானம். மத்ததெல்லாம் நடுவுல வர்ற இடம்."

முதல் புள்ளி, டொம். இரண்டாவது, மூன்றாவது, டொம், டொம். அங்கெல்லாம் யாரும் ஆடுவதில்லை. புல் புதுசாகவே இருக்கிறது. நான்காவதும் முடிந்தது. எஸ்கில் வீரரைத் தள்ளிக்கொண்டு ஐந்தாவது புள்ளியை நோக்கித் திரும்பினார். சோல்ரூன் கூடவே நடந்தாள்.

"எஸ்கில், அந்தப் பக்கம் ஈரம். சக்கரத்துல பொடி ஒட்டிக்கும்" என்றாள் மிகப் பணிவாக. "இப்படி வாங்க. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். ஆங், நேரா."

ஃப்ரீ கிக்குக்கு முன்னால் எங்களைத் தடுப்பு வரிசையாக நகர்த்தி நிறுத்தும்போது அவளுக்கு வருகிற குரல் அது. நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். பெனால்டிக்கு முன்னால் வைத்துக்கொள்கிற முகம்.

முன் சக்கரம் சுருண்ட விளிம்பில் மாட்டியது. நாங்கள் அவ்வளவு பாடுபட்டுச் சுருட்டிய விளிம்பு. வீரர் ஒரு கணம் நின்றார், பிறகு குப்புற விழுந்தார். இரும்புப் பாதம் வளைகிற சத்தம் கேட்டது.

"ஐயோ! வீரருக்கு அடிபட்டுடுச்சு!" எஸ்கில் மண்டியிட்டார்.

ஹால்வோர் குடையை வீசினார். இருபது வருஷத்தில் முதல் தடவையாகக் கோட்டைத் தாண்டினார். அலுவலகக் காலணியோடு, புல் தேயத் தேய, ஓடி வந்தார். "யாரும் நகத்தாதீங்க! அப்படியே இருக்கட்டும்!" தூறல் ஆரம்பித்திருந்தது. தன் கோட்டைக் கழற்றி வீரர் மேல் போர்த்தினார். போர்ஹில்ட் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எவ்வளவு வலிச்சிருக்கும்" என்று யாரோ சொன்னார்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் அது ஹால்வோர்தான்.

சோல்ரூன் அதே இடத்தில் மழையில் ஆம்புலன்ஸுக்காகக் கிடந்தபோது அவள் மேல் போர்த்தியது என் ஜெர்சி. நான் உள்பனியனோடு நின்றேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலையே இரண்டு குழுக்களும் ஒரே அறையில் கூடின. அறைகளின் கதவுகளைத் திறந்தே வைத்திருந்ததை ஊரே போய்ப் பார்த்தது. எப்போது என்று ஹால்வோர் சொன்னார்: "உடனே." எப்படி என்று போர்ஹில்ட் சொன்னாள்: "அடி மெத்தையோட சேத்து, முழுசா." உள்ளூர்ப் பத்திரிகைக்காரி வந்து கேட்டபோது ஹால்வோர் சொன்னார்: "ஒரு வீரருக்கு இப்படி ஒரு நிலை இந்த ஊர்ல இனிமே வரக் கூடாது. பாதுகாப்புல சமரசமே கிடையாது."

வேலை மே கடைசிக்குள் முடிந்தது. நகராட்சி அந்த வேகத்தில் எதையும் முடித்து நான் பார்த்ததில்லை. திறப்பு விழாவுக்குப் போனோம். ரிப்பன், வாஃபிள், பள்ளிக்கூடத்து பேண்டு. வளைந்த பாதத்தைச் சரிசெய்துகொண்டு வீரரும் வந்திருந்தார். ஆட்டக்காரர்கள் சார்பில் அவருக்குப் பூங்கொத்து கொடுக்கும்படி சோல்ரூனைக் கேட்டுக்கொண்டார்கள். கொடுத்தாள். சட்டத்தில் செருகி வைத்தார் எஸ்கில்.

ரிப்பனை வெட்டியதும் மைதானத்தைப் பார்த்தேன். நரைத்து வழுக்கை விழுந்த அதே பழைய விரிப்பு. அதன் நடுவே, மேஜையில் தட்டு வைத்ததுபோல, வட்ட வட்டமாகப் பளபளக்கும் பச்சை. அளக்கிற இடங்கள் ஆறுக்கும் புது மெத்தை, புது விரிப்பு, புது ரப்பர் பொடி.

"மொத்த மைதானமும் புதுசுன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"மொத்தமும்தான்" என்றாள் போர்ஹில்ட். "ஆறு புள்ளியும் போட்டாச்சு. ஒண்ணுகூட விடல."

"கூடவே ஒண்ணு" என்று திருத்தினார் ஹால்வோர். வடக்குக் கோல் கம்பத்துக்கு முன்னால் கை காட்டினார். வீரர் விழுந்த இடம். அங்கே ஒரு விபத்து பதிவாகிவிட்டதால், விதிப்படி அது இனி ஏழாவது புள்ளி. ஏழிலும் அதுதான் பெரிய வட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கடைசி நிமிஷத்தில் எதிரணிக்குக் கார்னர். பந்து உயரமாக வந்தது. சோல்ரூன் கூட்டத்துக்கு மேல் எம்பி இரண்டு கையாலும் அள்ளினாள். இறங்குகிற அந்த நேரத்தில் எங்களில் ஒருத்திகூடப் பந்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவள் முழங்காலைத்தான் பார்த்தோம். இரண்டு பாதமும் ஏழாவது புள்ளியில் மெத்தென்று இறங்கின. நின்றாள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டம் முடிந்து அவளிடம் ஓடினேன். "எப்படிடி இருக்கு?"

"வீரருக்குப் போட்ட மெத்தைடி. எனக்குன்னா போட்டிருப்பாங்களா?" என்றாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "நீ ஏன்டி நொண்டற?"

நான் வலது ஓரத்தில் ஓடுகிறவள். அங்கே பாதி தூரத்தில் இன்னொரு ஒட்டு விட்டுப்போயிருக்கிறது. அங்கே புள்ளி எதுவும் இல்லை. அடுத்த ஆய்வு செப்டம்பரில். ஆறாவது புள்ளியிலிருந்து ஏழாவதுக்கு வீரர் அந்த ஓரமாகத்தான் போக வேண்டும். எந்தப் பக்கம் ஈரமாக இருக்கும் என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன்.